ஒரே முகவரி, இரண்டு பெட்டிகள்

கிடங்கின் இரும்புக் கதவு திறந்து, முதல் லாரி பின்புறமாக வந்து மேடையை முட்டி நின்றது. அனுப்புகைப் பிரிவின் எழுத்தர் ஒரு கையால் சரக்குச் சீட்டைக் கிழித்துக்கொண்டே மறுகையால் தன் மெயிலைத் திறந்து பார்த்தாள். வாயிற்காவலர் அனுப்பிய லாரி எண் வந்திருந்தது. குடிநீர் தீர்ந்துவிட்டதென்று ஸ்டோர்காரர் எழுதியது வந்திருந்தது. அவள் எதிர்பார்த்தது மட்டும் வரவில்லை.

எதிர்பார்த்தது காப்பீட்டு நிறுவனத்தின் பதிலை. அவள் கணவன் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுபவன். குடலிறக்கம், அறுவை செய்தே ஆகவேண்டும், அதுவரை ஏணியில் கால் வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளுடைய வேலையோடு வந்த காப்பீடுதான் அதற்கிருந்த ஒரே வழி. விண்ணப்பம் போயிற்று, நினைவூட்டல்கள் போயின, அத்தனையும் கிணற்றில் போட்ட கல்.

தொலைபேசியில் கேட்டால், "ஒரு விவரம் கேட்டு மெயில் போட்டிருக்கோம்மா, அதுக்குப் பதில் அனுப்புங்க" என்றது ஒரு குரல். அப்படி எதுவும் வரவில்லை, சொந்த முகவரி தருகிறேன் என்றாள். "ஆபீஸ் முகவரிக்குத்தான் அனுப்புவோம். மறுபடியும் போடச் சொல்றேன்."

மறுபடியும் வரவில்லை.

"உன் மெயில் பெட்டி வேலை செய்யுதான்னு பாரு. உனக்கு நீயே ஒண்ணு போடு" என்றார் ஸ்டோர்காரர். போட்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது.

"பாத்தியா? பெட்டி கல்லு மாதிரி இருக்கு. பொய் சொல்றது அவங்க. காசு கொடுக்கணும்னா எவனுக்கும் காது கேக்காது."

அவளும் அதையே நம்பினாள். தலைமை அலுவலகத்தில் பெண்களுக்கு ஓய்வறை கேட்டுப் பேசியதற்காகக் கிடங்குக்கு மாற்றப்பட்டவள் அவள். அன்று முதல் அங்கிருந்து ஒரு சுற்றறிக்கைகூட அவளுக்கு வந்ததில்லை. ஒதுக்கி வைத்தவளை மறந்தும் விட்டார்கள் என்று எண்ணிக்கொண்டாள். பெட்டியைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

கேட்ட விவரம் வராததால் விண்ணப்பம் மூடப்பட்டது, இந்த ஆண்டில் மறுபடி போட முடியாது என்று அடுத்த முறை அதே தொலைபேசி சொன்னது.

அந்த வாரம் கணினிகளைப் பார்க்க ஒப்பந்தப் பொறியாளர் கிடங்குக்கு வந்தார். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே கம்பிகளைப் பொருத்தியவரின் கை பாதியில் நின்றது.

"நீங்க முன்னாடி தலைமை ஆபீஸ்ல இருந்தீங்களாக்கா?"

"ஆமா. ஏன்?"

"நம்ம கம்பெனிக்கு மெயில் முகவரி ஒண்ணு, சர்வர் ரெண்டு. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. வெளியில இருந்து வர்றதெல்லாம் முதல்ல அங்கதான் போகும். உங்க பேர்ல அங்க பெட்டி இல்லேன்னாதான் இங்க தள்ளிவிடும். உங்க பழைய பெட்டியை இன்னும் எடுக்கல. எல்லாம் அதுலயே விழுந்திருக்கும்."

"எனக்கு நானே போட்டது வந்துச்சே?"

"அது இந்தக் கட்டடத்தையே தாண்டலையேக்கா. இங்க கிளம்பி இங்கயே இறங்கிடுச்சு."

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடணுமே" என்றார் ஸ்டோர்காரர்.

"அதை எடுக்கவேண்டியது யாரு?"

"நான்தான். ஆனா மேனேஜர் மேடம் கையெழுத்து வேணும். மாறிப்போனவங்க பெட்டியையெல்லாம் எடுத்துடலாமான்னு கேட்டேன், பார்க்கலாம்னாங்க. திரும்பக் கேட்டேன், அதையே சொன்னாங்க. அதுக்கு மேல கேட்டா என் ஒப்பந்தத்தைப் பார்ப்பாங்கக்கா."

தவறு எங்களுடையது, மெயில் அவளைச் சேரவில்லை என்று அவள் வேலை செய்யும் நிறுவனம் ஒரு கடிதம் எழுதித் தந்தால் விண்ணப்பத்தைத் திரும்பத் திறப்பதாகக் காப்பீட்டார் ஒப்புக்கொண்டார்கள். அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு தலைமை அலுவலகம் போனாள். மேலாளர் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பழைய பெட்டியை இன்னைக்கே எடுக்கச் சொல்லிடறேன்மா."

"சரிங்க மேடம். அந்தக் கடிதம்?"

"அதை எப்படி எழுதறது? மெயில் நம்ம சர்வருக்கு வந்திருக்கு. உங்க பேர்ல இருக்கற பெட்டியிலதான் விழுந்திருக்கு. சேரலைன்னு எழுதினா அது பொய் இல்லையா?"

"என்னால திறக்கவே முடியாத பெட்டியில விழுந்தா, அது எனக்கு வந்ததாகுமா மேடம்?"

மேலாளர் மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி நேராக வைத்தார். "உங்களுக்கு எழுதிக் கொடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க."

"வரட்டுமே மேடம். அவங்களுக்கும் சேரலைன்னா வரத்தானே செய்வாங்க."

"அடுத்த வருஷம் காப்பீடு புதுப்பிப்போம். அப்ப புதுசா விண்ணப்பம் போடுங்க, நானே கவனிக்கிறேன்" என்று சொல்லி, மேலாளர் அடுத்த கோப்பை எடுத்தார்.

சொன்ன சொல் தவறவில்லை. அவள் கிடங்குக்குத் திரும்புவதற்குள் பழைய பெட்டி எடுக்கப்பட்டு, அதில் கிடந்ததெல்லாம் புதிய பெட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது. காப்பீட்டார் கேட்டது ஸ்கேன் அறிக்கையின் ஒரு நகல். அது அவள் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

விஷயத்தை அன்றிரவே கணவனிடம் சொன்னாள். "அடுத்த வருஷம் வரைக்கும் சுவரு எனக்காகக் காத்துக்கிட்டா நிக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவன் தட்டைக் கழுவி வைத்தான்.

மறுநாள் மாலை வேலை முடிந்து திரும்பும் வழியில், புதிதாக எழும்பிய கட்டடம் ஒன்றன் எதிரில் பேருந்து நின்றது. ஏணியின் உச்சியில் நின்றிருந்தவனை முதுகைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. அவன் வலக்கையில் தூரிகை. இடக்கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. ஏணியைப் பிடிக்கக் கை மீதியில்லை. ஒரு முட்டியை ஏணியின் மேல்படிகளுக்கிடையே மடக்கிச் செருகிக்கொண்டு, சுவரின் மேல்மூலைக்கு எட்டி எட்டி வெள்ளையை இழுத்துக்கொண்டிருந்தான்.