கை படாமல்

"அதைக் கீழே வை."

மாமியாரின் குரல் உயரவில்லை. அந்த வீட்டில் அவள் எதையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்ததில்லை. மருமகள் கையிலிருந்த சின்னச் சட்டையை மேசைமேல் வைத்தாள். முந்தின நாள்தான் நாத்தனாருக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. நாள் நிறையாத குழந்தை, மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அதற்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளில் ஒன்றை மடித்து வைக்கலாம் என்று எடுத்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"உன் கைராசி தெரிஞ்சதுதானே. உன் பிள்ளையத்தான் வாரிக் கொடுத்தாச்சு. இதையாவது விட்டு வை" என்றாள் மாமியார்.

கணவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கைபேசியில் அப்படி என்னதான் இருந்ததோ, தலையைத் தூக்கவேயில்லை.

மருமகளின் குழந்தை அதற்கு முந்தைய மாதம் பிறக்கும்போதே இறந்து போயிருந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டது, யார்மேலும் தப்பில்லை என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டு தப்பை அவள் கைமேல் போட்டார்கள். அவளுடைய அம்மா தைத்துக் கொடுத்த குட்டிச் சட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. மருத்துவமனைக்குக் கொடுத்துவிடலாம், ஏதோ ஒரு குழந்தை போட்டுக்கொள்ளட்டும் என்று அவள் கேட்டாள். செத்த பிள்ளையின் துணியை உயிரோடிருக்கும் பிள்ளைக்குப் போடுவதா என்று மாமியார் பெட்டியோடு குப்பை வண்டியில் ஏற்றிவிட்டாள்.

இத்தனைக்கும் தானத்தில் பெயர் வாங்கியவள் மாமியார். பொதுமக்கள் நன்கொடையில் நடக்கும் அந்த மருத்துவமனையில் தொண்டர் குழுவுக்கு அவள்தான் தலைவி. பெஞ்சிலும் தண்ணீர்த் தொட்டியிலும் அவள் பெயர் எழுதியிருக்கும். அவள் ஒரு விதி வைத்திருந்தாள். கொடுக்கிற பொருள் எதுவானாலும் கொடுப்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு நேராகப் போக வேண்டும், அது படத்தில் விழ வேண்டும். படம் இல்லாமல் அவள் ஒரு சோப்புக்கட்டிகூடக் கொடுத்ததில்லை.

மருமகள் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் வந்து போகிறவர்கள் ஏதாவது கேட்பார்கள் என்று, பிள்ளையைப் பறிகொடுத்த சில நாட்களிலேயே அவளையும் தொண்டுக்கு அழைத்துப் போனாள். பிரசவ வார்டில் காலை வைக்கக் கூடாது என்று சொல்லி, பின்பக்கம் சலவைத் துணி மடிக்கும் அறையில் உட்கார வைத்தாள். அங்கேதான் கெட்டிக்காரி கோட்டை விட்டாள். அந்த அறையை ஒட்டித்தான் தாய்ப்பால் சேகரிக்கும் அறை இருந்தது. தலைவி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததேயில்லை. அங்கே படம் எடுக்க விட மாட்டார்கள்.

குடிக்கப் பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவா போகிறது? ஒருநாள் மருமகள் ரவிக்கை நனைந்து, மடித்த போர்வை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். உள்ளே வந்த தலைமை நர்ஸ் எதுவும் விசாரிக்கவில்லை.

"பக்கத்து ரூம்ல பால் எடுக்கிற மெஷின் இருக்கும்மா. அஞ்சாறு குறைமாசப் பிள்ளைங்க பாலில்லாம கிடக்குதுங்க. உனக்கு மனசிருந்தா குடு, இல்லேன்னா பரவாயில்ல."

பிள்ளை போனபின் அவளிடம் கொடுக்க ஒன்று இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அந்த நர்ஸ்தான். அவள் வாய்விட்டு அழுதாள். ரத்தப் பரிசோதனை முடிந்ததும் கொடுக்கத் தொடங்கினாள்.

இப்போது நாத்தனார் அதே மருத்துவமனையில் காய்ச்சலில் கிடந்தாள், சொட்டுப் பால் இல்லை. பேரன் உயிர் பிழைத்துக் கிடந்தது சேகரித்த பாலில்தான். கொடுத்துக்கொண்டிருந்தது மூன்றே பெண்கள். மூவர் பாலையும் ஒன்றாகக் கலந்து, சூடாக்கி, ஆறவைத்துத்தான் ஊட்டுவார்கள். குழந்தை கொஞ்சம் எடை கூடியதும் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை.

"எவ பெத்த மகராசியோ, அவ நல்லா இருக்கணும். அவ கைதான் கை" என்று சாப்பிடும்போது சொன்னாள். சொல்லிவிட்டு மருமகளின் கையைப் பார்த்தாள்.

மறுநாள் மருமகள் மெஷின் முன்னால் உட்கார்ந்து சுவிட்சைப் போடாமலே இருந்தாள். இந்த வீட்டுப் பிள்ளைக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? வற்றிப் போகட்டும். ஆனால் கலந்த பாலில் தன் பங்கை அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்படி மறுப்பது? மற்றக் குழந்தைகள் அவளுக்கு என்ன கெடுதல் செய்தன? சுவிட்சைப் போட்டாள். அன்பு பொங்கிப் போடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டாள்.

பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தன் கையால் போர்வை வழங்கப் போவதாக மாமியார் அறிவித்தாள். பெயர் சொல்வது வழக்கமில்லை, விருப்பமிருந்தால் அவர்களாகவே வருவார்கள் என்றாள் நர்ஸ். பிரசவ வார்டு வாசலில் குழுப் பெண்கள், படம் எடுப்பவர், சக்கர நாற்காலியில் நாத்தனார் எல்லோரும் கூடினார்கள். இரண்டு பெண்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது போர்வையோடு மாமியார் நின்றபோது மருமகள் வந்தாள்.

"நீ எதுக்கு இங்க வந்தே? போய்த் துணிய மடி."

"மூணாவது ஆள் நான்தான், அத்தை."

மாமியார் போர்வையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நர்ஸ் பக்கம் திரும்பி, இனி என் பேரனுக்கு அந்தப் பாலைக் கொடுக்கக் கூடாது என்றாள். நிறுத்தலாம், ஆனால் அடுத்த வேளைக்கு அவனுக்கு ஊட்ட வேறு எதுவும் கிடையாது என்று நர்ஸ் நிதானமாகச் சொன்னாள். நாற்காலியிலிருந்து நாத்தனார், "அம்மா, வாயை மூடு" என்றாள். அந்த வீட்டில் யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

மாமியார் மருமகளின் காதருகே குனிந்தாள். "சரி, குடுக்கறதக் குடு. வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம்."

"என் கை படக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? படல. எல்லாம் மெஷின்தான்." மருமகள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "போர்வையக் குடுங்க. கைக்குக் கை குடுக்கறதுதானே உங்க விதி."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் பட்டுவிடாமல் மாமியார் கொடுத்தாள். படம் விழுந்தது. போர்வையோடு மருமகள் துணி மடிக்கும் அறைக்குத் திரும்பவில்லை. வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

படத்தைக் கைவிட மாமியாருக்கு மனம் வரவில்லை. மருமகளை வெட்டிவிட்டு, போர்வை வாங்கும் கைகளை மட்டும் வைக்கச் சொன்னாள். அப்படியே வெட்டினார்கள். தலைவியின் பெயரைக் கீழே போட்டு, படத்தைப் பிரசவ வார்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் தலைவி சிரிக்கிறாள். மறு பக்கம் ஆள் இல்லை, நீட்டிய இரண்டு கைகள் மட்டும் இருக்கின்றன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு தாயும் அந்தக் கைகளைத் தாண்டித்தான் போகிறாள்.