சத்தம் போடாத கார்

எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த முசே தனிஸ்லாஸ் வீட்டுக்குப் புதுக் கார் வந்ததிலிருந்து கலியபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. காரில் குறை சொல்ல முடியாது. பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தது. கறுப்பில் அப்படி ஒரு பளபளப்பு, அதைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். மிசியோன் வீதியில் இரண்டொருவர் சீவியும் கொண்டார்கள். ஆனால் அதை ஓட்டுகிற கலியபெருமாளுக்கு மட்டும் அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. புது மருமகளை மாமியார் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சம்பா கோயிலில் பெரிய பூசை என்றால் வெளியே மதிலோரம் கார்கள் வரிசையாக நிற்கும். உள்ளே முதலாளிகள் தங்கள் பாவங்களை நினைத்துக்கொண்டிருப்பார்கள். வெளியே டிரைவர்களும் முதலாளிகளின் பாவங்களைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு மட்டும் பேச்சு காரைப் பற்றிப் போயிற்று.

"இது ஏறுற காரு இல்லப்பா, எறங்குற காரு" என்றான் கலியபெருமாள். "படிப்பலகையே வைக்கல. பழைய காருன்னா முசே பலகைமேல ஒரு கால வச்சி, நின்னு, தெருவ ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போவாரு. இதுல குனிஞ்சி பூந்துக்கணும். பின்பக்கம் மட்டுந்தான் தெருவுக்கு. போன வாரம் அவரு சம்சாரம் மதாமுக்குக் கொண்ட கூரையில மாட்டிக்கிச்சி."

டாக்டர் வீட்டு டிரைவர் இராமதாஸ் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தான். "கியர் கம்பு இன்னாய்யா இது, முன்பலகையிலேர்ந்து கொடக் காம்பு மாரி நீட்டிக்கினு நிக்குது?"

"முன்சக்கரந்தான் இழுக்குதாமே" என்றான் வாடகைக் கார் ஓட்டும் மிக்கேல். "அப்ப பின்சக்கரம் எதுக்கு, தொணைக்கு வருதா?"

"தண்ணி ஊத்துற மூடியக்கூட மூக்குக்குள்ள ஒளிச்சிட்டான். வெள்ளிக்கெழமையில ஒரு மொழம் பூ சுத்த எடமில்ல" என்றான் கலியபெருமாள். "அதெல்லாம்கூடப் போவட்டும். இது சத்தமே போட மாட்டேங்குது. அதுதான் எனக்குச் சரியாப் படல. சத்தம் போடாததெல்லாம் உள்ள இன்னாத்தையோ வச்சிருக்கும்."

"அதுக்கு ஏன்யா நீ கத்துற? பக்கத்துலதான நிக்கிறோம்?" என்றான் இராமதாஸ்.

"யாரு கத்துனா?" என்று கத்தினான் கலியபெருமாள்.

பழைய காரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மேல்கூரையில்லாத திறந்த வண்டி. வாய்க்கால் பாலத்தில் அது திரும்பினால் கோயில் மணிக்கூண்டில் புறா பறக்கும். அது வருகிற சத்தத்தை வைத்துத்தான் முசே வீட்டில் உலை வைப்பார்கள். அந்த இரைச்சலில் முசேவும் அவர் மனைவி மதாம் வேளாங்கண்ணியும் பேசிக்கொண்டுதான் வருவார்கள். வாய் அசைவது தெரியும், ஒரு சொல் தெருவுக்கு விழாது. வருஷக்கணக்கில் இப்படி.

புதுக் கார் வந்து மாசம் திரும்புவதற்குள் தனிஸ்லாஸ் வீட்டுச் சங்கதி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மச்சானுக்கு எண்ணெய்ச் செக்கில் பங்கு கிடையாது என்பது மச்சானுக்கே முதலில் தெரிந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். மகள் லூர்துசெல்விக்குக் காரைக்காலில் ஒரு இடம் பேசியிருந்தார்கள். சைகோனில் உத்தியோகம் பார்க்கும் இன்னொரு பையன் வீட்டிலிருந்து பதில் வருகிறவரை காரைக்காலுக்கு ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் இழுத்தடிப்பது என்று முசேவும் மதாமும் காருக்குள் வைத்து முடிவு செய்தார்கள். மறுவாரம் காரைக்காலிலிருந்து ஆட்கள் வந்து, கொடுத்த காபியைத் தொடாமல், "சைகோன் கப்பல் எப்போ வருதாம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் முசே கலியபெருமாளைக் கூப்பிட்டார்.

"பழைய காருல நாங்க பேசுனது ஒண்ணாவது வெளிய போயிருக்கா?"

"இல்லீங்க முசே."

"அதுல சத்தம். உன் காதுல விழாது. இதுல சத்தமில்ல, விழுது. காருக்குள்ள நான், மதாம், நீ. மதாம் சொல்லல, நான் சொல்லல. மிச்சம் யாரு?"

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் கலியபெருமாளுக்குத் தெரியவில்லை. கேட்டதும் அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னொரு வார்த்தை வெளிய போச்சின்னா, தொப்பிய ஆணியில மாட்டிட்டுப் போய்க்கினே இரு" என்றார் முசே.

போவது எங்கே? குருசுக்குப்பத்தில் மாமனாரின் கட்டுமரம் காத்துக்கொண்டிருந்தது. கலியபெருமாளோ, கரையில் நின்று அலையைப் பார்த்தாலே வயிற்றைப் பிரட்டுகிற ஆள். மாப்பிள்ளை கார் ஓட்டுகிறான் என்று மாமனார் மீன் ஏலத்தில் பெருமை பேசுவது ஒன்றுதான் அவனைத் துடுப்பிலிருந்து காப்பாற்றி வந்தது.

அவன் எல்லோரையும் சந்தேகப்பட்டான். முதலில் மனைவி அஞ்சலாட்சியை. "தூக்கத்துல நான் எதுனா பேசுறனா? அத நீ தண்ணி எடுக்குற எடத்துல சொல்றியா?"

"நீ முழிச்சிருக்கும்போது பேசுறதே கேக்குறதுக்கு லாயக்கில்ல" என்றாள் அவள். "பக்கத்து வூட்டுப் புள்ள எழுந்துக்கும், மெதுவாப் பேசு."

அப்புறம் எதிர்வீட்டு அன்னக்கிளியை. ஒரு செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு காலையெல்லாம் வாசல் தெளிக்கிற பெண்பிள்ளை. கார் திரும்பும்போதெல்லாம் வாசலில் தூசி சேர்ந்துவிடும் அவளுக்கு. ஆனால் அவள் காருக்குள் ஏறியவள் இல்லையே! கடைசியில் காரையே சந்தேகப்பட்டான். "ரேடியோ கீடியோ வச்சி அனுப்பியிருப்பான், உள்ள பேசுறது வெளியில கேக்குறாப்பல" என்று மிக்கேல் வேறு கிளப்பிவிட்டிருந்தான். சீட்டைத் தூக்கிப் பார்த்தான், கூரைத் துணியைத் தட்டிப் பார்த்தான். ஒரு கொண்டை ஊசியும் காய்ந்துபோன கதம்பமும் கிடைத்தன.

அந்தச் சனிக்கிழமை முசேவும் மதாமும் கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். புழுக்கம். கண்ணாடி நாலும் இறக்கியிருந்தது. பெரிய கடை மார்க்கெட்டுப் பக்கம் வந்தபோது முன்னால் மாட்டுவண்டிகள் வழியை அடைத்துக்கொண்டன. கார் ஊர்ந்தது. அப்போதுதான் முசே தொண்டையைச் செருமினார்.

"மதாம், உன்கிட்ட மட்டும் சொல்றேன். கோயிலுக்கு ஒரு மணி வார்த்துக் குடுக்கலாம்னு இருக்கேன். பெரிய மணி. யாருக்கும் தெரியக் கூடாது."

மதாம் வாயைப் பிளந்தாள். உண்டியலில் போடும் காசையே இரண்டு தரம் திருப்பிப் பார்த்துப் போடுகிற மனுஷன். கலியபெருமாளுக்குப் பிடரி குறுகுறுத்தது. முசே மனைவியைப் பார்த்துப் பேசவில்லை. தன் பிடரியைப் பார்த்துத்தான் பேசுகிறார். தூண்டில் போடுகிறார். இந்த மணி இல்லாத மணி. இது நாளைக்கு எவன் வாயிலாவது வந்தால் தொப்பி ஆணிக்குப் போகும், தலை கட்டுமரத்துக்குப் போகும்.

"எவ்ளோ பெருசுங்க?" என்று மதாம் கேட்டாள்.

"காலாப்பட்டு வரைக்கும் கேக்கணும்!" என்றார் முசே.

கலியபெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டான். திரும்பவில்லை. தெரிந்தவன் ஒருவன் கையைத் தூக்கினான், பார்க்காத மாதிரி இருந்தான். இன்றைக்கு ராத்திரி அஞ்சலாட்சியிடம்கூட வாய் திறப்பதில்லை, சோறு வேண்டுமென்றால் கையைக் காட்டுவது என்று முடிவு செய்துகொண்டான். வண்டிகளுக்கு இடையில் யாரோ சைக்கிளில் நெளிந்து நெளிந்து முன்னால் போனது மட்டும் கண்ணில் பட்டது.

கார் வீட்டு வாசலில் நின்றபோது, கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை ஆரோக்கியம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் ஒரு ரோஜா மாலையோடு நின்றான்.

"தோத்திரம் முசே! உங்க தாராள மனசு யாருக்கு வரும்! சாமியாருகிட்ட சொல்லிட்டேன். அவரு மணிக்கூண்ட அளந்து பாக்கறதுக்குக் கொத்தனாருக்கு ஆள் வுட்டுட்டாரு!"

முசே காரிலிருந்து பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக நின்றார். அந்தக் காரில் அப்படித்தான் நிற்க முடியும். மெதுவாகத் திரும்பிக் கலியபெருமாளைப் பார்த்தார். கலியபெருமாள் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. அதை விட்டால் துடுப்புதான் என்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நான் எறங்கவே இல்லீங்க முசே!" என்றான். "வாயக்கூடத் தெறக்கல!"

அது முசேவுக்கும் தெரிந்துதான் இருந்தது. "உனக்கு யாருய்யா சொன்னது?" என்று ஆரோக்கியத்தைக் கேட்டார்.

"நீங்கதான் முசே" என்றான் ஆரோக்கியம் வெள்ளந்தியாக. "பெரிய கடையிலேர்ந்து சொல்லிக்கினே வந்தீங்களே! மதாம்கூட எவ்ளோ பெருசுன்னு கேட்டாங்க. எல கட்டு வாங்கிக்கினு இருந்தேன், அப்படியே ஓடியாந்தேன்."

"நான் மெதுவாத்தான்யா சொன்னேன்!" என்றார் முசே. எதிர்ச்சாரியில் இரண்டு ஜன்னல் திறந்தது.

அன்னக்கிளி செம்போடு படியிறங்கி வந்தாள். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததே அவளுக்குப் பெரிய விரதம். "பழைய காருல கத்திப் பேசிப் பழக்கம், பாவம். இதுல சத்தமில்ல, உங்க சத்தம் மட்டும் மிச்சம்" என்றாள். "அது கெடக்கட்டும் மதாம், சைகோன்லேர்ந்து பதில் வந்துச்சா?"

மதாம் கொண்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஊரே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, ஒருத்தரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? முசே மாலையைப் போட்டுக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டிரைவரிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"இந்தக் காரு சரியில்ல" என்றார்.

"அதத்தாங்க முசே நானும் வந்த நாள்லேர்ந்து சொல்றேன்" என்றான் கலியபெருமாள். தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

மெதுவாகப் பேசிப் பார்த்தார்கள். முசே பேசியது மதாமுக்குக் கேட்கவில்லை, மதாம் பேசியது முசேவுக்குக் கேட்கவில்லை. பழைய கார் காதை எடுத்துக்கொண்டு போயிருந்தது. கடைசியில் முசே ஒரு ஏற்பாடு செய்தார். அவர் பின்னாலிருந்து கலியபெருமாளின் தோளைத் தொட்டால், அவன் ஹாரனை அழுத்த வேண்டும். தொட்ட கையை எடுக்கும்வரை விடக் கூடாது.

இப்போது வாய்க்கால் பாலத்திலிருந்து ஹாரன் விடாமல் அலறிக்கொண்டு வந்தால், மிசியோன் வீதியில் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறார்கள். "ரகசியம் போவுதுடி" என்கிறார்கள். என்ன ரகசியம் என்றுதான் தெரிவதில்லை. அதனால் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். சைகோன் மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு சம்சாரம் உண்டு என்பது வரை வந்திருக்கிறது. காரைக்காலுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

"இன்னா பேசிக்கினு போனாங்க?" என்று அன்னக்கிளி கலியபெருமாளை மடக்கிக் கேட்டாள்.

"ஹாரன் சத்தத்துல எனக்கே கேக்கலம்மா" என்றான் அவன், வீங்கிப்போன கட்டைவிரலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அழுத்தக்காரன்யா நீ" என்றாள்.