திம்பிள்த்வெய்ட்டுக்கு ஓர் இடம்

திம்பிள்த்வெய்ட் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயர் ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மதியப் பேருந்தில் கரட்டுப்பாளையத்துக்கு வந்து இறங்கியது. ஆள் யாரும் கூட வரவில்லை, பெயர் மட்டும்தான். நடத்துனர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டிருந்தார். ஆளில்லாத பெயருக்கு முழு டிக்கெட் வாங்கினால் செக்கரிடம் பதில் சொல்ல முடியாது.

குடை பிடித்துக்கொண்டு அதை அழைத்துவரப் போனவள் இளவேனில். ‘அருகிய ஆங்கிலக் குடும்பப்பெயர் ஒன்றின் தோற்றமும் பரவலும்’ என்ற தலைப்பில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அந்த ஒன்று இதுதான். சீமையில் அதை வைத்திருந்த கடைசி மனிதர் கல்யாணம் செய்துகொள்ளாமலே காலமாகிவிட்டார். அதன்பின் தன்னைப் பற்றி யோசிக்கிறவர் உலகத்திலேயே ஒருத்திதான் என்று தெரிந்து, பெயர் அவளிடமே புறப்பட்டு வந்துவிட்டது.

இளவேனில் வாதத்தில் தோற்றதே கிடையாது. ஜெயித்து எதையாவது கையில் வாங்கிக்கொண்டு வந்ததும் கிடையாது. பேருந்து நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் பெயரிடமே அதன் பிறப்பைப் பற்றி வாதாடினாள். ஊசி குத்தாமல் இருக்கத் தையல்காரர்கள் விரலில் மாட்டும் ‘திம்பிள்’ என்ற உலோகத் தொப்பியைச் செய்தவர்கள், வட இங்கிலாந்தில் காடு திருத்திக் குடியேறிய இடத்தின் பெயர் அது என்று அவளுடைய முதல் அத்தியாயம் சொல்லியது.

“தொப்பி எதுவும் ஞாபகம் இல்லை” என்றது பெயர். “மழை ஞாபகம் இருக்கிறது. ஓர் ஆடும் நின்றது.”

அவள் மேற்கோள்களை எடுத்துவிட்டாள். பஜனை மடத்துத் திருப்பம் வருவதற்குள் பெயர் இறங்கிவந்தது. “நீங்கள் படித்தவர். தொப்பி என்றே இருக்கட்டும்.”

வீட்டில் அம்மா பொற்கொடி காப்பி கொடுத்தாள். வந்த பெயருக்கு வேண்டியது ஒன்றுதான். யாராவது ஒருவர் பெயருக்குப் பின்னால் உட்கார இடம். சும்மா கிடந்தால் ஒரு பெயர் எத்தனை நாள் தாங்கும்? அப்போதே அதன் ஓரங்கள் மங்கத் தொடங்கியிருந்தன.

“நம்ம வீட்லயே இருக்கட்டுமே கண்ணு” என்றாள் அம்மா. “முன்னாடிதான் அப்பா இருக்காரு. பின்னாடி காலியாத்தானே கெடக்குது.”

இளவேனிலுக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் சாதிப் பெயர் இருந்தது. கொள்ளுத்தாத்தா ஒரு மாநாட்டுக்குப் போய்வந்த அன்றே அதை வெளியே அனுப்பிவிட்டு, இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தார். அன்றிலிருந்து ஊரிலும் பலர் அப்படியே செய்தார்கள்.

“அது காலி இடம் இல்லம்மா. காலி பண்ணின இடம்.”

“சரி, அப்ப இது எங்க தங்கும்?”

பதில் இல்லாதபோது கூட்டம் போடுவது அவள் வழக்கம். மறுநாள் சாயங்காலம் நாற்சந்தியில் ஒலிபெருக்கி வைத்து முழங்கினாள். “இந்தப் பெயருக்குச் சாதி கிடையாது. சொந்தபந்தம் கிடையாது. நல்லது கெட்டதுக்கு வந்து நிற்க ஒரு பங்காளி கிடையாது. இது எந்த ஊர், என்ன குலம் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட பெயரையா நாம் சேர்த்துக்கொள்வது?”

கூட்டம் கை தட்டியது. கலைந்ததும் நேராகப் பெயரைத் தேடிப் போனது. முதலில் போனவர் மாவு மில் சென்னியப்பன். பங்காளி இல்லாத பெயர் என்பது அவரை உலுக்கிவிட்டது. அவருக்குப் பங்காளிகளோடு மூன்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. அடுத்து சலூன்காரர், பிறகு டைப்ரைட்டிங் டீச்சர், பிறகு கீழத்தெரு முழுவதும். பெயர் யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. எத்தனை பேரிடம் உட்கார்ந்தாலும் தேயாமல் இருப்பது குடும்பப்பெயர்களின் சுபாவம். பெயருக்கும் மினுமினுப்பு வந்துவிட்டது.

இளவேனிலின் வழிகாட்டியான பேராசிரியர் ஜெசிந்தா அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“அருகிய பெயர்னு தலைப்பு கொடுத்திருக்க. இன்னைக்குக் காலைல எனக்குப் பால் ஊத்தின ஆளு திம்பிள்த்வெய்ட். மீதிச் சில்லறை குடுத்த கண்டக்டரும் திம்பிள்த்வெய்ட்.”

“தலைப்ப மாத்திக்கலாங்க மேடம்.”

“தலைப்ப மாத்துனா பதிவு ரத்து. ஆறு வருஷம் போச்சு. வாய்மொழித் தேர்வு மாசி மாசம். அதுக்குள்ள பெயரை அருக வச்சுட்டு வா.”

பரவல் அத்தியாயம் அதுவரை அவள் ஆய்வில் அரைப்பக்கம்தான் இருந்தது. இப்போது பெருத்துக்கொண்டே போனது. அதன் முதல் காரணியாக நாற்சந்திக் கூட்டத்தை எழுத வேண்டியிருந்தது. பேச்சாளர் பெயரை அவள் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில் போட்டாள்.

பிறகு வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் ஜெயித்தாள். “நீ சொல்றது நாயந்தானுங் கண்ணு” என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள். ஒருவரும் பெயரைத் திருப்பித் தரவில்லை.

ஆனால் பெயருக்குப் பின்னால் எதையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் விட்டுப்போன ஊர் அது. பின்னால் இருப்பது நடக்கும்போது இடிக்கிறது என்றார்கள். எது வந்தாலும் முன்னால் ஓர் எழுத்தாக வைப்பதுதான் அவர்களுக்குக் கைவந்தது. சென்னியப்பன்தான் முதலில் அதைத் தூக்கி முன்னால் ‘தி.’ என்று வைத்தார். விருந்தாளியாயிற்றே என்று அவருடைய அப்பா எழுந்து இடம் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் அப்பாக்கள் எழுந்துகொண்டார்கள்.

பெயருக்கு முன்னால் இருப்பவர் அப்பா. கரட்டுப்பாளையத்தில் இதற்கு வேறு வழக்கம் கிடையாது. ஆகவே திம்பிள்த்வெய்ட் ஊருக்கே அப்பாவாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் அத்தனை பெஞ்சிலும் அதுவே உட்கார்ந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கணக்கு வரவில்லை என்று கேட்டுக்கொண்டு, வருத்தத்தோடு எல்லா மார்க் அட்டையிலும் கையெழுத்துப் போட்டது.

தை பிறந்தது. சென்னியப்பன் மகளுக்கும் சலூன்காரர் மகனுக்கும் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். சாதி இல்லாத பெயர் வந்ததால் அமைந்த சம்பந்தம் அது. பெண்ணும் மாப்பிள்ளையும் மணமேடையில் உட்கார்ந்த பிறகு இளவேனில் எழுந்து நின்றாள்.

“பொண்ணுக்கு இனிஷியல் என்னங்க?”

“தி.”

“மாப்பிள்ளைக்கு?”

நாதஸ்வரக்காரர் சீவாளியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அண்ணனுக்கும் தங்கைக்கும் வாசிக்க அவரிடம் ராகம் இல்லை.

அவள் ஆயுளில் ஒரு வாதம் பலித்தது அதுதான். அன்று சாயங்காலத்துக்குள் ஊரே வரிசையில் நின்று பெயரைத் திருப்பிக் கொடுத்தது. பழைய அப்பாக்கள் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நின்ற கல்யாணத்தை அடுத்த முகூர்த்தத்தில் நடத்துவதென்று முடிவானது. பெயர் மட்டும் மண்டப வாசலில், பன்னீர் சொம்புக்குப் பக்கத்தில், மறுபடி மங்கிக்கொண்டு நின்றது. யாரிடமும் இல்லாவிட்டால் அது பொழுது விடிவதற்குள் அழிந்துவிடும். அருகிய பெயரைப் பற்றி ஆய்வு செய்யலாம், அற்றுப்போனதற்கு வேறு துறை இருந்தது.

“யாராச்சும் ஒருத்தர் வச்சுக்கணும்” என்றார் சென்னியப்பன். “கல்யாணங்காட்சின்னு போகாத ஆளா இருந்தா தேவல.”

எல்லோரும் இளவேனிலைப் பார்த்தார்கள். திருமணம் என்பது பெண்ணடிமைத்தனம் என்று அதே நாற்சந்தியில், அதே ஒலிபெருக்கியில் அவள் வருஷம் தவறாமல் பேசியிருந்தாள். கை தட்டியவர்கள் மறக்கவில்லை.

அவள் நெடுநேரம் வாதாடினாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேச ஆளில்லாத வாதத்தை நிறுத்துவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் தொண்டை கட்டிக்கொண்டது. அந்த இடைவெளியில் பெயர் வந்து, கொள்ளுத்தாத்தா கழுவி வைத்த இடத்தில், ஓரமாக, அழுக்குப் படாமல் உட்கார்ந்தது.

“மாசி முடியற வரைக்குந்தான்” என்றாள் கட்டிய தொண்டையோடு.

“அப்படியே இருக்கட்டும்” என்றது பெயர்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் பெயரின் தோற்றத்தைப் பற்றிக் கேட்டார். அவளுக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை. பின்னாலிருந்து பெயரே பதில் சொன்னது. தொப்பியைப் பற்றி, அவள் எழுதியிருந்தபடியே, ஓர் எழுத்து மாறாமல். ஆட்டைப் பற்றி அது மூச்சு விடவில்லை. தேர்வாளர் மிகவும் திருப்தியடைந்தார்.

பங்குனியில் மதியப் பேருந்தில் ‘முனைவர்’ வந்து இறங்கியது. பெரிய பெட்டி. இளவேனில் குடையோடு போய், பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டாள். பின்னாலேயே ‘உதவிப் பேராசிரியர்’ இறங்குகிறதா என்று படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். பேருந்து புறப்பட்டுவிட்டது.

“இது யாரு கண்ணு?” என்றாள் அம்மா.

“இது வேற விஷயம்மா” என்றாள் இளவேனில்.

முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா தணிகைவேல் நகர்ந்து இடம் கொடுத்தார். இப்போதெல்லாம் யாராவது வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், முதலில் முனைவர் போய் என்ன வேண்டும் என்று விசாரிக்கிறது. அடுத்து அப்பா போகிறார். மூன்றாவதாக இளவேனில் வாசலுக்கு வந்து சேர்வதற்குள், பின்னாலிருந்து திம்பிள்த்வெய்ட் வந்தவரின் கட்சியை ஒப்புக்கொண்டு, அவருக்கு மோரும் கொடுத்து அனுப்பிவிடுகிறது.