கறவைக்கு ஆள்

"குழந்தையோட துணியெல்லாம் பையில போட்டாச்சா? வண்டி வந்து நிக்குது" என்றான் மகன்.

மருமகள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு வருஷந்தானே? அக்கா கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்குவா. மாடெல்லாம் வரிசையா கன்னு போட்டிருக்கு. அம்மாவுக்கு விரல் மடங்கிப் போச்சு. கறவைக்கு ஆள் வேணாமா?"

ஆளா! அவனும் அவன் தம்பியும் மலை மாதிரி இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டு ஆண்கள் மாட்டின் மடியில் கை வைக்க மாட்டார்கள். கௌரவக் குறைச்சலாம்! பால் விற்ற காசில் கை வைக்க மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. கறப்பது வீட்டுக்கு வந்தவளின் வேலை. கைக்குழந்தை இருந்தால் கறவை கெடும் என்று, பிள்ளையை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடுவது அங்கே தலைமுறை வழக்கம்.

கதவோரம் நின்ற மாமியார் மகனையே பார்த்தாள். கைக்குழந்தையாய் இருந்த இவனையும் அன்று இப்படித்தான் கொண்டுபோனார்கள். அதே வாரம் செவலை மாட்டின் கன்றையும் பிரித்துக் கட்டினார்கள். செவலை தொண்டை கட்டும்வரை கத்தியது. மாடு கத்தலாம், மருமகள் கத்தினால் ஊர் சிரிக்கும் அல்லவா? அவளுக்குப் பால் கட்டி மார்பு கல்லாய்க் கனத்தது. குனிந்து கறக்கும்போதெல்லாம் ரவிக்கை நனைந்து வழிந்தது.

"துடைச்சுக்கோடி, வாளிக்குள்ள விழுந்துடப் போகுது" என்றாள் அவளுடைய மாமியார். கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான். அந்தப் பாவி மனுஷியும் தன் பிள்ளையை அனுப்பியவள்தான்.

நடக்கப் பேசத் தெரிந்த பிறகு பிள்ளை திரும்பி வந்தது. கொட்டிலிலிருந்து சாணிக் கையோடு ஓடிவந்தவளைப் பார்த்து, அது அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டது. "இந்தப் பால்காரம்மா எப்போ போவாங்க?" என்று கேட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்வாள்?

"ஏம்மா, நீயாவது இவளுக்குச் சொல்லேன். என்னையும் அப்படித்தானே அனுப்புனே? நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

மாமியார் கட்டிலில் இருந்த பையைக் கவிழ்த்துக் குழந்தையின் துணிகளைக் கொட்டினாள். வெளியே போய், "யாரும் வரல, நீ கிளம்புப்பா" என்று வண்டிக்காரனை அனுப்பினாள். திரும்பி வந்து மருமகளின் அறைவாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கறவை வேளை தாண்டியது. கொட்டிலில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. மகன் அங்குமிங்கும் நடந்தான்.

"மடி வெடிச்சிடும் போல கத்துதும்மா. இப்போ யாரு கறக்கறது?"

அவள் வாளியை அவன் பக்கம் தள்ளினாள்.

"பெத்தவகிட்டேருந்து புள்ளையப் பிடுங்கக் கூசாத கைதானே? போய்க் கற."