ஏழு பத்து ரயிலும் மூன்று கிளாஸ் தண்ணீரும்

வியாழக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு வெள்ளவத்தை மூன்றாம் மாடி வீட்டு வாசலில் நின்றவர்கள்: துஷாந்தினி, கைப்பையோடு; அம்மா ஜெயராணி, தண்ணீர் கிளாஸோடு; அண்ணன் கிருபாகரன், வாயில் பிரஷ்ஷோடு; பக்கத்து வீட்டு நளீபா அன்ரி, சும்மா.

துஷாந்தினி ஏற்கெனவே மூன்று தரம் படியிறங்கி மூன்று தரமும் திரும்பியிருந்தாள். காஸ் அடுப்புதான் காரணம். அதைத் திருகி அடைத்தது அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டாம் மாடிக்கு இறங்கியதும் மண்டைக்குள் வீடு வெடிக்கும், அம்மா கருகிக் கிடப்பார், கால் தானாகத் திரும்பும். கிளினிக் டொக்டர் இதற்கு ஓசிடி என்று பெயர் சொன்னார். பெயர் கிடைத்ததால் அடுப்பு அடங்கிவிடவில்லை.

கொட்டாஞ்சேனையில் அவள் வேலை பார்க்கும் பல் வைத்தியரிடம் இந்த மாதம் ஆறு தரம் பிந்திப் போயிருந்தாள். ஏழாவது தரம் பிந்தினால் வீட்டிலேயே நின்றுவிடுங்கள் என்று அவர் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். சிரித்துச் சொல்பவர்கள்தான் செய்வார்கள். இன்றைக்கு ஏழு பத்து ரயிலைப் பிடித்தால் தப்பலாம்.

வீட்டுக்காரர் உதவாமல் இல்லை. உதவித்தான் கெடுத்தார்கள். அண்ணன் அடுப்புக் குமிழைப் படம் பிடித்து அனுப்புவான். அவளுடைய போனில் கல்யாண வீட்டுப் படங்களைவிடக் குமிழ்ப் படங்கள் அதிகம். நளீபா அன்ரி நேரில் போய்ப் பார்த்து, "பூட்டித்தான் ஈக்கி மகள்" என்று, குமிழ் மூடியே இருப்பதாகச் சாட்சி சொல்லுவார். அம்மாவின் பங்கு தண்ணீர். வெளிக்கிட்டவர் திரும்பி வந்தால் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஆகவே திரும்பினால் தண்ணீர், தண்ணீர் குடித்தால் கழிவறை, கழிவறைக்குப் போகும் வழியில் குசினி, குசினியில் அடுப்பு.

போன கிழமை டொக்டர் அம்மாவைக் கூப்பிட்டு, இவள் கேட்டால் பதில் சொல்லாதீர்கள், ஒவ்வொரு பதிலும் அந்தப் பயத்துக்குத் தீனி என்றார். அம்மா தலையாட்டினார். வீடு வருமுன் பஸ்ஸிலேயே ஒன்பது தரம் பதில் சொன்னார்.

"அம்மா, காஸ் அடைச்சதுதானே?" என்று இப்போது வாசலில் நின்று கேட்டாள் துஷாந்தினி.

அம்மா வாயைத் திறந்தார். அண்ணன் பிரஷ்ஷை எடுத்து, "அம்மா" என்றான். வாய் மூடியது.

"சொல்லுங்கோவன்."

"எனக்குத் தெரியாது, பிள்ளை."

தெரியாது என்று அம்மா சொல்லி அவள் கேட்டதேயில்லை. நளீபா அன்ரி தான் போய்ப் பார்க்கிறேன் என்று ஒரு காலை உள்ளே வைத்தார். அண்ணன் குறுக்கே நின்றான்.

துஷாந்தினி கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். அம்மாவின் கையிலிருந்த கிளாஸுக்குள் போட்டாள்.

"நான் வந்து தட்டினாலும் திறக்கக் கூடாது. அன்ரி, நீங்களும்தான்."

"அழுதால்?" என்றார் அம்மா.

"அழுதுபோட்டுப் போவன்."

இறங்கினாள். இரண்டாம் மாடியில் வழக்கம்போல வீடு வெடித்தது. கால் திரும்பியது. மேலே இன்னும் கதவு திறந்துதான் கிடந்தது. அம்மா அண்ணனிடம் இரகசியமாகக் கேட்பது படியெல்லாம் கேட்டது.

"டேய், உண்மையாவே அடைச்சதோ?"

அண்ணன் அவருக்கும் பதில் சொல்லவில்லை.

துஷாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. பயம் போகவில்லை; அது பாட்டுக்குக் கூடவே நின்றது. இரண்டையும் கொண்டு ஒரு படி கீழே வைத்தாள். பிறகு இன்னொன்று. மேலே கதவு சாத்தப்பட்டது. ஈரச் சாவி பூட்டுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றியது.