மேற்கு ஓரத்து கேட்

கப்பலில் தீவுக்கு வந்திறங்கிய வாஸ்து நிபுணர் குட்வில் எஸ்டேட்டின் ஒரு தெருவை இரண்டு முறை நடந்து பார்த்தார். மதிலின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கேட்டுகளை எல்லாம் கிழக்கு ஓரத்துக்கு மாற்றவேண்டும் என்றார். மெயின்லேண்ட்காரர் சொன்னபின் மறுபேச்சு ஏது? ஒரே மாதத்தில் பதினொரு வீட்டு மதில்கள் இடிந்தன. வேலையை எடுத்துச் செய்தவர் காண்டிராக்டர் பாலசுப்பிரமணியம். தெருச் சங்கத்தின் தலைவரும், நிபுணரை வரவழைத்தவரும் அவரேதான்.

பன்னிரண்டாவது வீட்டு ஷோபனா மட்டும் இடிக்கவில்லை. அவள் மின்துறையில் இளநிலைப் பொறியாளர்.

"அரே மேடம், ஏக் கேட் தானே? ரெண்டு நாள் வேலை," என்றார் தலைவர்.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லீங்க. என் கேட் நல்லாத்தான் தொறக்குது."

அதன்பின் தெருவுக்கு வந்த கெட்டதெல்லாம் அந்த கேட் வழியாகத்தான் வந்தது. புயலில் கப்பல் ரத்தானது, எதிர்வீட்டு புஷ்பாவின் மகன் கணக்கில் ஃபெயிலானது, தலைவருக்குச் சர்க்கரை ஏறியது, எல்லாமே.

"ஊரோட ஒத்துப் போயிடலாமே," என்று முனகிய கணவன் நந்தகுமார், யாருக்கும் தெரியாமல் கேட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டினான். ஷோபனா அதை அவிழ்த்து ரசத்தில் பிழிந்தாள்.

ஜூனில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. மகள் தமிழரசிக்கு மெடிக்கல் சீட்டும் கிடைத்தது. தலைவர் நிபுணருக்குப் போன் போட்டார். மேற்கு ஓரம்தான் உத்தமம், முன்பு திசைகாட்டியில் கோளாறு என்று பதில் வந்தது.

மறுநாளே தெரு இனிப்போடு வந்து நின்றது. சங்கக் கூட்டத்தில் ஷோபனாவுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

"தீதி, உங்க கேட் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க," என்று அக்கா முறை வைத்துக் கெஞ்சினாள் புஷ்பா.

அத்தனை மாதம் முகம் திருப்பியவர்கள் முதல்முறையாகச் சிரித்தார்கள். ஷோபனாவுக்கும் அது இதமாகத்தான் இருந்தது. மைக்கை வாங்கினாள்.

"நான் டிபார்ட்மென்ட் பரீட்சை எழுதினேன். எம்பொண்ணு ரெண்டு வருசம் தூங்காமப் படிச்சா. கேட் எதுவும் பண்ணலை."

தொடங்கிய கைதட்டல் பாதியில் செத்தது. தலைவர் மைக்கைப் பிடுங்கினார். "மேடத்துக்குத் தன்னடக்கம்!"

"அடக்கம் இல்லீங்க. உண்மை."

சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு அவள் வெளியே நடந்தாள். நந்தகுமார் தலைவரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், தட்டிலிருந்த ஜாங்கிரியை அவசரமாக வாயில் திணித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினான்.