ஆணியின் அடியில் மஞ்சள்

மதுரையில், பல்கலைக்கழகத்தின் இருட்டறையில், எந்த நிற ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் நிறமாலைமானியின் பேனா தாளில் மெல்ல ஊர்ந்தது. நீல ஒளியில் உயர்ந்து நின்ற கோடு, பச்சையைத் தொட்டதும் போடிமெட்டுச் சரிவு மாதிரி விறுவிறுவென்று இறங்கியது. ஆறு மாதத்துக்கு முன் வரைந்த அதே சரிவு. மலை வெயிலும் மூடுபனியும் தன் படலத்தை ஒன்றுமே செய்யவில்லை என்று சந்திரவல்லி துள்ளிக் குதித்தாள்.

படலம் என்றால் ஏதோ பிரமாதம் இல்லை. பிளாஸ்டிக் கரைசலில் காட்மியம் சல்பைடு என்ற குறைகடத்தியைக் கலந்து, கண்ணாடியில் ஊற்றி, காய்ந்ததும் உரித்தெடுத்த மஞ்சள் தாள். வெயிலை வாங்கி மின்சாரம் தரவேண்டிய அந்தத் தாள், வெயிலிலேயே வெளுத்துப் போகாமல் தாங்குமா? தாங்கினால் அவளுக்கு முனைவர் பட்டம். இல்லையென்றால் 1981இலிருந்து பட்ட மூன்று வருடப் பாடு தண்ணீரில் கரைந்த மாதிரிதான்.

சொந்த ஊர் போடி என்பதால், மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் செல்லத்தாயிடம் ஆறு படலங்களைக் கொடுத்து, ஸ்டோர் கூரைமேல் பலகையில் ஆணியடித்து வைக்கச் சொல்லியிருந்தாள். ஐந்து திரும்பி வந்தன. ஒன்று காற்றில் போய்விட்டதாம்.

நன்றி சொல்லக் கிளம்பியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜீப்பு வளைவுகளில் ஏற ஏற, சரிவெங்கும் மஞ்சள் கூரைகள் தெரிந்தன. ஒவ்வொரு கூரைக்கடியிலும் ஒரு பல்பு எரிந்தது. எல்லாம் அவள் கண்ணுக்கு மட்டும்தான்.

"அக்கா, கொஞ்சங்கூட நெறம் மாறல. ஒங்களுக்குத்தான் புண்ணியம்."

செல்லத்தாய்க்கு முகமெல்லாம் பூரிப்பு. "எப்பிடி ஆத்தா மாறும்? நீ ஜீப்புல ஏறுனதும் வெரசா பிடுங்கி ஸ்டோருக்குள்ள வச்சிட்டேன்ல. ஏலக்காயவே நாங்க வெயில்ல காட்ட மாட்டோம், வெளுத்துரும். படிச்ச பிள்ள இது தெரியாம கூரமேல போடச் சொல்லுதேன்னு எனக்குப் பகீர்னு ஆயிருச்சு."

சந்திரவல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. மூடுபனி இறங்கி, மஞ்சள் கூரைகளை ஒன்றொன்றாக மூடியது. பையில் அந்த அழகான கோடு இருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்ததைச் செல்லத்தாய் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "நெசத்தச் சொல்லிர்றேன் ஆத்தா. ஒண்ணு காத்துல போகல. எடுக்க மறந்துட்டேன். கெட்டுப்போச்சு. ஒன் மொகத்துல முழிக்க வெக்கமாயிருந்துச்சு."

அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து அந்தப் படலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சாயம் போய், ஓரமெல்லாம் நொறுங்கியிருந்தது. ஆணியின் தலை மறைத்திருந்த இடத்தில் மட்டும் ஒரு மிளகளவு மஞ்சள் மிச்சமிருந்தது.

"ஆறு மாசமும் இது வெளியதான கெடந்துச்சு?"

"ஆமா ஆத்தா. வெயில், மழ, பனி எல்லாத்துலயும்."

சந்திரவல்லிக்கு அழுகை வந்தது. கனவு இப்படி ஒரே நாளில் உதிருமா என்று அழுதாள். "இதத்தான்க்கா நான் கேட்டது" என்று அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நல்லதெல்லாம் இருக்க இதைப்போய் வாங்குகிறாளே என்று செல்லத்தாய் தலையிலடித்துக்கொண்டாள்.

இறங்கும் ஜீப்பில், மடியில் வரைபடத்தை விரித்து, குலுக்கலில் எழுத்துக் கோணக்கோண அந்த அழகான கோட்டின் கீழே எழுதினாள்: 'இருட்டில் வைத்தவை.'